ஸெனோவியா பாஹ்ரியின் கையெழுத்து

ஆல்பெர்ட்டா மாகாணத்துச் சிற்றூர் லெஸ்காவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் வீட்டாருக்குத் தெரியும், அடுத்தபடியாக ஸெனோவியாவுக்குத் தெரியும். டாக்டர் காதுக்கு விஷயம் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊரின் ஒரே கடைத்தெருவில், தானியக் கிடங்குக்குப் போகிற திருப்பத்தில் இருந்தது அவளுடைய மருந்துக்கடை. முதுகுவலிக்காரன் வருவான், பல்வலிக்காரன் வருவான், பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்று குழந்தையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடிவருவாள். ஒரு வியாதியும் இல்லாமல், வெளியே காற்று அறைகிறதே என்று சும்மா உள்ளே நுழைகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் ஸெனோவியா காது கொடுப்பாள். பருமனான உடம்பு, பெரிய சிரிப்பு, யார் பேசினாலும் குறுக்கே விழாத குணம். ஊரே அவளை ஸெனி என்று கூப்பிட்டது.

எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் அவள் வாயிலிருந்து ஒரே வார்த்தைதான் வரும்.

"எதுக்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

உடனே தொலைபேசியை எடுப்பாள். டாக்டர் ஃபூரி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து ஆல்பெர்ட்டா குளிருக்குப் பழகிப்போனவர். தெருக்கோடியில் அவருடைய கிளினிக். ஸெனோவியா நோயாளியின் கதையைச் சொல்வாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நீ என்ன நினைக்கிறே?" என்பார். அவள் தயங்கித் தயங்கி ஒரு மருந்தின் பெயரைச் சொல்வாள், அளவைச் சொல்வாள். "அப்ப அதையே குடுத்துடு. என் பேரைப் போட்டுக்கோ" என்று வைத்துவிடுவார்.

வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது. டாக்டரின் பெயர் அவளுக்கு ஒரு கூரை மாதிரி. அதன் அடியில் நின்று வேலை செய்வது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இருக்கிற இடத்தில் எந்தக் குறையும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாகாணத்தில் சட்டம் மாறியது. இனிமேல் மருந்தாளுநர்களும், தகுதியை நிரூபித்து அனுமதி வாங்கினால், டாக்டர் சீட்டு இல்லாமல் தங்கள் பொறுப்பிலேயே மருந்து எழுதித் தரலாம், இருக்கிற மருந்தை மாற்றலாம், கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். இந்தக் கண்டத்திலேயே முதல்முறை என்று வானொலியில் சொன்னார்கள்.

ஸெனோவியாவின் கணவன் ஆர்லன் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். சாப்பாட்டு மேஜையில் அவன்தான் பேச்சை எடுத்தான்.

"எழுதிப் போட்டியா?"

"எதுக்கு?"

"அதான், மருந்து எழுதற அனுமதி. காலையிலேருந்து ரேடியோவுல அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கான்."

"எனக்கு வேண்டாம்ப்பா. நகரத்துல படிச்ச சின்னப் பசங்க வாங்கட்டும்."

ஆர்லன் முட்டைக்கோஸ் சுருளை முள்கரண்டியால் பிட்டபடி சிரித்தான். "பனித்தரையில கர்லிங் ஆடறப்பவும் நீ இப்படித்தான். கல்லைத் தள்ளுன்னா தள்ளுவே, ஐஸைத் தேய்னா தேய்ப்பே. ஒரு நாளாவது நீ கேப்டனா நின்னு, கல்லு எங்க போகணும்னு காட்டியிருக்கியா?"

"தப்பான இடத்தைக் காட்டிட்டா?"

"ஆட்டம் போகும். அவ்வளவுதானே?"

"கல்லு தப்பாப் போனா ஆட்டம்தான் போகும். மாத்திரை தப்பாப் போனா?"

ஆர்லன் அடுத்த சுருளை எடுத்துக்கொண்டான். பேச்சு அதோடு நின்றது.

மறு வருஷம் டாக்டர் ஃபூரிக்கு மேற்குக் கடற்கரையில் இருந்த மகள் வீட்டோடு போய்ச் சேர வேண்டிய நிலை வந்தது. ஊர் கூடி விருந்து வைத்து அனுப்பியது. கை குலுக்கும்போது அவர் ஸெனோவியாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஸெனி, அந்த அனுமதிக்கு எழுதிப் போடு. பாதி நாள் நான் போட்டது கையெழுத்து மட்டும்தான்."

"போற சந்தோஷத்துல பேசறீங்க டாக்டர்."

"இல்லம்மா. போற கவலையில பேசறேன்."

அவர் கவலைப்பட்டதில் தப்பில்லை. கிளினிக்குக்குப் புது டாக்டர் கிடைக்கவில்லை. யாராவது வருவார்கள், ஒரு குளிர்காலம் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். கடைசியில் கிளினிக் கதவைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் வடக்கே இருந்த பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். கோடையிலேயே அது நீண்ட பயணம். பனிக்காலத்தில் வண்டியை எடுக்கலாமா வேண்டாமா என்று ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைக்கு வருகிறவர்களிடம் ஸெனோவியா அப்போதும் அதையே சொன்னாள். "டாக்டரைக் கேட்டுடலாம்." கேட்க வேண்டிய டாக்டர் இப்போது தொலைவில், பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தார். தொலைபேசியில் இசை ஓடிக்கொண்டே இருக்கும், அவள் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள், எதிரே நோயாளி பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் ஓட நிற்பார்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி டெல்ஃபின் குவின்னி. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற க்ரீ பழங்குடி மக்களின் ஊர்க்காரி. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள், ஸெனோவியாவின் வயதுதான். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, எதிராளி முழிப்பதைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரிப்பாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது என்று வந்து காட்டினாள். ஸெனோவியா ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, ராத்திரி போடுகிற இன்சுலினைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும் என்றாள். வழக்கம்போல டாக்டரைக் கேட்கச் சொன்னாள்.

டெல்ஃபின் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பும் வழியில் சறுக்கலில் அவள் வண்டி சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் போய்ப் புதைந்தது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் ஆர்லனுடைய பனி வாரும் வண்டி அந்த வழியாக வரும்வரை வயல் நடுவே குளிரில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கடைக்கு வந்து நேராகக் கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றினாள்.

"டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா?"

"என்ன?"

"ராத்திரி இன்சுலினைக் கொஞ்சம் கூட்டணுமாம்."

ஸெனோவியா முகம் சிவந்துபோனாள்.

"அவரும் நல்ல மனுஷன்தான். அவர் சொன்னதும் சரி, நீ சொன்னதும் சரி. நடுவுல இருக்கற பள்ளத்துலதான் நான் கிடந்தேன். உன் புருஷன் வந்து இழுத்தான். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'என் பொண்டாட்டி மனசு வெச்சிருந்தா நீ இங்க கிடக்க வேண்டாம்'னான்."

"அப்படியா சொன்னான்?"

"நான் கொஞ்சம் அழகாச் சொல்றேன். அவன் சொன்னது இதைவிட மோசம்."

சொல்லிவிட்டு அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். ஸெனோவியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. டெல்ஃபின் வயல் நடுவே கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி அன்று முழுக்க அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த வாரமே அனுமதிக்கு எழுதிப் போட்டாள்.

அவள் பார்த்துவந்த நோயாளிகள் சிலருடைய கதையை விவரமாக எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதில் செலவழித்து அனுப்பினாள். தகுதி போதவில்லை என்று பதில் வந்தது. காரணமும் சொல்லியிருந்தார்கள். நோயாளியிடம் என்ன கேட்டாள், என்ன கண்டாள் என்பதெல்லாம் அருமையாக இருக்கிறது, ஆனால் அவள் என்ன முடிவு செய்தாள் என்று எங்குமே காணோம். ஒவ்வொரு கதையும் 'டாக்டருக்குத் தெரிவித்தேன்' என்று முடிகிறது.

படித்ததும் முதலில் அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அழுகை வந்தது.

டெல்ஃபின் கேட்டுவிட்டு, "பூ, இதுக்கா?" என்றாள். "நான் பஸ் லைசென்ஸுக்குப் போனப்ப ரிவர்ஸ் எடுத்துக் கம்பத்தைச் சாய்ச்சேன். பரீட்சை வெச்ச ஆளு பின் சீட்டுல உக்காந்திருந்தான், பாவம். மறுபடி போகலையா? இன்னிக்கு ஊர்ப் பிள்ளைங்க பூரா என் முதுகுக்குப் பின்னாலதான் உக்காந்து வருதுங்க."

"கம்பம் என்னாச்சு?"

"வேற நட்டாங்க."

ஸெனோவியா மறுபடி உட்கார்ந்து எழுதினாள். இந்த முறை ஒவ்வொரு கதையின் முடிவிலும், 'நான் இதைத் தீர்மானித்தேன், காரணம் இது' என்று எழுத வேண்டியிருந்தது. 'நான்' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் பேனா நின்று நின்றுதான் நகர்ந்தது. அனுமதி கிடைத்தது.

முதல் மருந்தை டெல்ஃபினுக்குத்தான் எழுதினாள். எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் பார்த்தபோது வேறு யாருடைய பெயரையோ பார்ப்பது போலிருந்தது. கை லேசாக நடுங்கியது.

"என்னடி, கல்யாணப் பதிவுல கையெழுத்துப் போடற மாதிரி நடுங்கறே?" என்றாள் டெல்ஃபின்.

"அன்னிக்கு நடுங்கலை."

"ஆர்லனைப் பாத்துமா நடுங்கலை? அப்ப உனக்குத் தைரியம் நிறைய இருக்கு. போடு."

அப்படி ஆரம்பித்ததுதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சிரைப்பு, குழந்தைகளின் காதுவலி. தெரிந்ததை எழுதித் தந்தாள். சந்தேகமானதைப் பெரிய ஊருக்கு அனுப்பினாள். அங்கே டாக்டர் எஸியாஷி என்று நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி இருந்தார். ஸெனோவியாவிடமிருந்து யாராவது போனால், "ஸெனி அனுப்பினாளா? உள்ளே வரச் சொல்லுங்க" என்பாராம். ஊரில் பாதிப் பேருக்கு நெடும்பயணம் மிச்சமானது. ஸெனோவியாவுக்கும் மெல்ல மெல்லக் கை நடுக்கம் நின்றது. ஸ்டெஃபானியா விஷயம் வரும்வரை.

ஸ்டெஃபானியா வாஸிலிக் தேவாலயச் சமையல்கூடத்தின் ராணி. வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூடி, உருளைக்கிழங்கு வைத்துப் பிரோஹி மடிப்பார்கள். கொழுக்கட்டை மாதிரிதான், ஆனால் விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். தடிமனாக மடித்தவளின் புறங்கையில் ஸ்டெஃபானியாவின் மரக்கரண்டி விழும். ஸெனோவியாவும் அந்த அடியை வாங்கியவள்தான். ஊர் முறைக்கு அவளைத் தீத்கா, அதாவது அத்தை என்று கூப்பிடுவாள். ஸ்டெஃபானியாவின் கணவர் மெட்ரோ அவளுக்கு மாமா முறை, வுய்கோ. அதிகம் பேசாத மனிதர். மனைவி பேசுவதே இரண்டு பேருக்கும் போதும் என்று விட்டுவிட்டவர்.

இலையுதிர்காலத்தில் ஸ்டெஃபானியா படியில் தடுமாறி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்த பிறகு வெள்ளிக்கிழமைகளுக்கு வருவது நின்றுபோயிற்று. வயசாகிவிட்டது, பாவம் என்றார்கள். மருந்து வாங்க மெட்ரோ மட்டும் வருவார், வாங்கிக்கொண்டு போவார். பனி இறுகிய ஒரு நாள், வாங்கியும் போகாமல் நின்றார்.

"என்ன வுய்கோ?"

"அவளைப் பெரிய ஊர்ல முதியோர் இல்லத்துல விடப் போறோம். ஜெரால்ட் இடம் பிடிச்சுட்டான்." ஜெரால்ட் அவர்கள் மகன், கால்கரியில் இருப்பவன்.

"தீத்காவையா? ஏன்?"

மெட்ரோ கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "நேத்து என்னைப் பாத்து, 'யாருய்யா நீ, மாடு பாக்க வந்தவனா'ன்னு கேட்டா. இல்லம்மா, நான் மெட்ரோன்னேன். 'மெட்ரோ நல்லாத் தலை சீவியிருப்பானே'ன்னா." அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு போயிற்று.

ஸெனோவியா அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

ஸ்டெஃபானியா ஜன்னலோர நாற்காலியில் சரிந்து கிடந்தாள். உதடு உலர்ந்து பல்லோடு ஒட்டியிருந்தது. இல்லாத நூலைக் காற்றில் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஸெனோவியா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பார்வை வந்தது, நிற்காமல் போய்விட்டது. மருந்துகளை எல்லாம் மேஜைமேல் வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் தூக்கம் வரவில்லை என்று ஒரு மாத்திரை. அங்கேயே அரிப்புக்கு ஒன்று. வேறொரு டாக்டர் சிறுநீர் அடங்கவில்லை என்று ஒன்று. தலை சுற்றுகிறது என்றதும் இன்னொருவர் அதற்கு ஒன்று. எழுதிய ஒவ்வொருவருக்கும் எழுதியபோது நியாயமான காரணம் இருந்தது. எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டுக் கொடுத்தது ஸெனோவியாவின் கடைதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் பிழையில்லை. எல்லாம் ஒரே வயதான உடம்புக்குள் சேர்ந்து உட்கார்ந்துகொண்டு அவளைத் தாலாட்டிக்கொண்டிருந்தன.

இது வயசு இல்லை, மாத்திரை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய உடனே பயமும் வந்தது. முன்பு என்றால் எழுதிய டாக்டர்களுக்கெல்லாம் தகவல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பாள். இப்போது அவளே நிறுத்தலாம், குறைக்கலாம். ஆனால் நினைத்தது தப்பாகி, உண்மையாகவே மூளை தேய்கிற வியாதியாக இருந்துவிட்டால்? ஒரு கிழவருக்கு ஆசை காட்டி மோசம் செய்ததாக ஆகிவிடுமே?

அங்கிருந்தே ஜெரால்டிடம் பேசினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வெடித்தான்.

"எவ்வளவு நாளாக் காத்திருந்து கிடைச்ச இடம் தெரியுமா? இப்ப வேண்டாம்னா மறுபடி வரிசையோட கடைசி. நீங்க மருந்து விக்கறவங்க. டாக்டருங்க எழுதினதை நிறுத்த நீங்க யாரு?"

"நிறுத்தறதுக்கும் எனக்கு அனுமதி இருக்கு, ஜெரால்ட். அவங்களுக்கும் தகவல் சொல்லிட்டுத்தான் செய்வேன்."

"நிச்சயமாச் சரியாயிடுமா? அதைச் சொல்லுங்க."

"சொல்ல முடியாது."

"அப்புறம் என்ன தைரியத்துல கேக்கறீங்க?"

"தீத்காவோட வாய் உலர்ந்து போயிருக்கு. காத்துல நூல் பிடிக்கறாங்க. இதெல்லாம் அந்த மாத்திரைங்க பண்ற வேலைன்னு எனக்குத் தெரியும். எல்லாமே அதனாலதானான்னு தெரியாது. வசந்தம் வரைக்கும் டைம் குடுங்க. இடத்தை விட வேண்டாம். கொஞ்சம் தள்ளி மட்டும் வைங்க."

மெட்ரோ எழுந்து வந்து தொலைபேசியை வாங்கினார்.

"ஜெரால்ட், அப்பா பேசறேன். ஸெனி சொல்றபடி செய்வோம்." அவ்வளவுதான் சொன்னார். வைத்துவிட்டார்.

அரிப்பு மாத்திரையை முதலில் நிறுத்தினாள். பிறகு தலைச்சுற்றல் மாத்திரையை, பிறகு சிறுநீர் மாத்திரையை. தூக்க மாத்திரையைப் பாதியாக்கினாள். தினம் கடை முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சில நாள் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் மோசமானது.

ஒரு காலை மெட்ரோ கடைக்கு வந்தார். கண் சிவந்து, முகத்தில் சவரம் இல்லை.

"ராத்திரி பூரா நடக்கறா. அவ அம்மாவைத் தேடறா. என்னைத் திருடன்னு கத்தறா. முன்னாடி தூங்கிட்டாவது இருந்தா, ஸெனி. நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?"

"நீங்க இல்ல வுய்கோ. பண்ணினா நான்தான் பண்ணியிருப்பேன்."

அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எழுதியவர் என்ற இடத்தில் இந்தத் தடவை வேறு பெயரே இல்லை. கூரை இல்லாத வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு தொலைபேசியை எடுத்து டாக்டர் எஸியாஷியிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"நீங்க நிறுத்தினதெல்லாம் சரிதான்" என்றார் டாக்டர். "நானா இருந்தாலும் அதையேதான் நிறுத்தியிருப்பேன். தூக்க மாத்திரையில மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க. பழைய அளவுக்கு ஏத்திட்டு, சின்னச் சின்னதாக் குறைங்க. மூத்திரத்துல கிருமி ஏதாவது இருக்கான்னு பரிசோதனைக்கு எழுதினீங்களா?"

"எழுதி, பாத்தாச்சு. இல்லை."

"அப்ப பொறுமையா இருங்க. எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க. இது நம்ம ரெண்டு பேர் நோயாளி, சரியா?"

அந்த 'நம்ம' என்ற வார்த்தையைக் கேட்டதும் ஸெனோவியா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நன்றி என்று இரண்டு தடவை சொன்னாள். அவள் நிலைமை டாக்டருக்குப் புரிந்திருக்க வேண்டும். "போய்க் காபி குடிங்க" என்று சொல்லி வைத்தார்.

வெளியே வந்தபோது டெல்ஃபின் மெட்ரோவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் பேருந்தைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்தவள், நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

"காலைல பிள்ளைங்களை விட்டப்புறம் சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலை கிடையாது" என்றாள். "நான் போய் ஸ்டெஃபானியாகிட்ட உக்காந்துக்கறேன். இவர் தூங்கட்டும். என்னைத் திருடின்னு சொன்னா பரவாயில்லை, மோசமான பேரெல்லாம் வாங்கியிருக்கேன்."

அன்று முதல் அவள் தினமும் போனாள். ஸ்டெஃபானியாவை வீட்டுக்குள்ளேயே நடக்க வைத்தாள், தண்ணீர் குடிக்க வைத்தாள், பேருந்தில் நடக்கும் கூத்தையெல்லாம் சொன்னாள். மெட்ரோ பக்கத்து அறையில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கினார். தூக்க மாத்திரை துளித்துளியாகக் குறைந்தது. கத்தல் நின்றது. காற்றில் நூல் பிடிக்கும் விரல்கள் மடியில் அடங்கின. ஒரு நாள் டெல்ஃபினைப் பார்த்து, "நீ ஏன் எப்பவும் சத்தமாவே பேசறே?" என்று கேட்டாளாம். டெல்ஃபின் ஓடிவந்து கடையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

கூரை விளிம்பில் பனி சொட்டத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, ஸெனோவியா தேவாலயத்திலிருந்து ஒரு தட்டுப் பிரோஹி எடுத்துக்கொண்டு போனாள். மெட்ரோ வெங்காயம் தாளித்து, தட்டை மனைவி முன்னால் வைத்தார். ஸ்டெஃபானியா ஒன்றை விரலால் புரட்டிப் பார்த்தாள். முகம் சுளித்தது.

"இதை யாரு மடிச்சது?"

மெட்ரோ அடுப்பில் மிச்சமிருந்த வெங்காயத்தைக் கிளறப் போனார்.

"விளிம்பைப் பாரு, பூட்ஸ் தோல் மாதிரி. ஸெனி, நீயா?"

"நான்தான், தீத்கா."

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உனக்கு?" என்றாள். பிறகு அடுப்பருகே நின்றிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "மெட்ரோ, வெங்காயம் கருகுது. ஏன் இப்படி நிக்கறே? தலையைக்கூடச் சீவலையா?"

மெட்ரோ தலையைத் தடவிக்கொண்டார். அடுப்பை அணைக்கத் தோன்றாமல் அப்படியே கீழே உட்கார்ந்து அழுதார். ஸெனோவியாதான் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அவளுக்கும் கண் மறைத்தது.

"நான் எங்கேயோ போயிருந்தேனா?" என்று ஸ்டெஃபானியா மெதுவாகக் கேட்டாள்.

"கொஞ்ச தூரம், தீத்கா."

"எல்லாம் தண்ணிக்கு அடியில பேசற மாதிரியே கேட்டுது. ஒரு சத்தக்காரி மட்டும் விடாமப் பேசிக்கிட்டே இருந்தா."

முழுக்கத் திரும்பி வந்தாள் என்று சொல்ல முடியாது. அந்தக் குளிர்காலம் அவள் நினைவில் இல்லவே இல்லை. சிலருடைய பெயர் பிடிபடாது. சொன்னதையே மறுபடி சொல்வாள். வயசுக்குரியது வயசுக்கு இருந்தது. ஆனால் வீட்டில் அவள் குரல் கேட்டது, அடுப்பு அவள் கைக்கு வந்தது. முதியோர் இல்லத்தில் அவளுக்கென்று வைத்திருந்த இடம் வேறு யாருக்கோ போனது.

ஈஸ்டருக்கு வந்த ஜெரால்ட் மருந்துக்கடைக்கு வந்தான். ஷாம்பு அடுக்கின் முன்னால் வெகுநேரம் நின்றான். ஒன்றும் வாங்காமல் கவுன்ட்டருக்கு வந்தான்.

"அன்னிக்கு போன்ல நான் பேசினது..."

"பயத்துல பேசினீங்க. நானும் பயந்துட்டுத்தான் இருந்தேன்."

"கதவைத் திறந்ததும் அம்மா, 'என்ன தலைமுடி இது, கால்கரியில கத்தரிக்கோல் கிடையாதா'ன்னாங்க." அவன் நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டான். "திட்டு வாங்கி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை."

"உங்க அப்பாவுக்குச் சொல்லுங்க. என்னை நம்பினது அவர்தான். டெல்ஃபினுக்குச் சொல்லுங்க. பக்கத்துல உக்காந்தது அவதான்."

"சொல்லிட்டேன். டெல்ஃபின், 'நன்றியெல்லாம் வேண்டாம், பஸ்ஸைக் கழுவித் தா'ன்னாங்க."

"கழுவினீங்களா?"

"இப்பத்தான் முடிச்சுட்டு வரேன்" என்று ஈரமான சட்டைக் கையைக் காட்டினான்.

அந்த வருஷம் முதல் ஸெனோவியா வயதானவர்கள் ஒவ்வொருவரையும் மருந்துப்பையோடு வரச்சொல்லி உட்கார வைத்துப் பேசலானாள். மருந்து எழுதித் தந்ததைவிட நிறுத்தியதே அதிகம் என்று ஊரில் கேலி செய்தார்கள். இப்படிப் போனால் கடை எப்படி ஓடும் என்று ஆர்லன் கேட்டதற்கு, "நீ பனியை வாரிட்டே இருக்கே, பனி தீர்ந்துடுச்சா?" என்றாள்.

கோடை உச்சத்தில் ஒரு ஞாயிறு. தேவாலயத்தில் ஜன்னல்கள் திறந்திருந்தன, வெளியே கடுகு வயல் மஞ்சளாகக் கிடந்தது. பூசையின் நடுவே பாதிரியார் வழக்கம்போல நலம் வேண்டிப் பெயர்களை வாசித்தார். மக்கள் கொடுத்த பெயர்கள், பெரும்பாலும் படுக்கையில் கிடப்பவர்கள். "இஃபேயோமா" என்று ஒரு பெயர் வந்தது. டாக்டர் எஸியாஷியின் முதற்பெயர் அது. பாதிரியார் அதில் கொஞ்சம் தடுக்கினார். "டெல்ஃபின்" என்றார். அடுத்து "ஸெனோவியா" என்றார்.

ஸெனோவியா திடுக்கிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெஃபானியாவின் காதில் குனிந்தாள். "தீத்கா, என் பேரையா வாசிச்சார்? எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாவே இருக்கட்டும்னுதான் குடுத்தேன். பேசாம முன்னால பாரு."

ஸெனோவியா முன்னால் பார்த்தாள். மெழுகுவர்த்திகள் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தன. மெட்ரோ தலையை நன்றாக வாரி எண்ணெய் தடவியிருந்தார். பாட்டு தொடங்கியது. ஸ்டெஃபானியா வார்த்தை ஒன்றைத் தவறவிட்டு, அதனால் என்ன என்பது போல அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டு உரக்கப் பாடினாள். ஸெனோவியாவும் அவளோடு சேர்ந்துகொண்டாள்.